நனைத்துக் குவித்த மரத்தூள்

காலையில் வெங்காயம், மத்தியானம் சாம்ராஜ்யம். சின்னவளின் படிப்பை அவளுடைய அண்ணன் இப்படித்தான் நாலு பேரிடம் சொல்வான். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள், ஏனென்றால் அதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் செல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வெங்காயத்தின் வேர்நுனியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். மத்தியானம் காலனி ஆட்சி வரலாற்று வகுப்பில் உட்கார்ந்து, யாருடைய நிலத்தை யார் எந்தக் காகிதத்தைக் காட்டி எடுத்துக்கொண்டார்கள் என்று படிப்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய சாலை, ஒரு சிக்னல், மூன்று மாடிப் படி.

மற்றவர்களுக்குச் சிக்னல் என்றால் நிற்கிற இடம். இவளுக்கு அது பாடம் மாறுகிற இடம். ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டைக் கழற்ற நேரமில்லாமல் அதோடு ஓடிப்போய் வரலாற்று வகுப்பின் கடைசி வரிசையில் மூச்சிரைக்க உட்காருவாள். கோட்டிலிருந்து வரும் ஆசிட் வாடைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்தில், நேற்றைய வகுப்பில் நடந்த வாக்குவாதத்தைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிப் பக்கத்து மேஜைக்காரியின் ஸ்லைடைக் கெடுத்துவிடுவாள். "ரெண்டுல உனக்கு நிஜமா எதுல ஆசை?" என்று யாராவது கேட்டால் மட்டும் சுள்ளென்று கோபம் வரும். குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு அம்மா பிடிக்குமா அப்பா பிடிக்குமா என்று கேட்கிற மாதிரிதான் அந்தக் கேள்வி என்பது அவள் கட்சி.

அவள் சேர்ந்தது என்னவோ செல் உயிரியலுக்குத்தான். முதல் மாதத்தில் ஒரு நாள் கொட்டுகிற மழைக்கு எதிர்க் கட்டடத்தில் ஒதுங்கினாள். ஈரத் துணியோடு தாழ்வாரத்தில் நிற்க வெட்கப்பட்டு, திறந்திருந்த ஒரு வகுப்பில் நுழைந்து உட்கார்ந்தாள். அங்கே ஒருவர் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டு, "இந்த எல்லை மட்டும் ஏன் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி நேரா இருக்கு? அங்க ஆறு இல்லையா, மலை இல்லையா, ஆளே இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மழை எப்போது விட்டது என்று அவளுக்குத் தெரியாது. மறுவாரமே அந்தப் பாடத்தையும் முதன்மைப் பாடமாக எழுதிக் கொடுத்துவிட்டாள். வரைபடமில்லாமல் வகுப்புக்கு வராத அந்த ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வரைபட சார்.

வீட்டில் அம்மா, அண்ணன், அவள் மூன்று பேர்தான். நாலாவது மாடியில் இரண்டு அறை, துணி காயப்போட ஒரு ஒட்டுப் பால்கனி. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு பெரிய சலவை நிலையத்தில் கறை எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். ஓட்டல் மேஜை விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி, கல்யாண வீட்டுச் சட்டை என்று நாள் முழுக்க மற்றவர்களின் கறையோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், சின்னவள் விரல் நுனியெல்லாம் ஊதாவாக வந்து நிற்பாள்.

"ஊருக்கெல்லாம் நான் கறை எடுக்கறேன். என் வயித்துல பொறந்தது கறையோட வீட்டுக்கு வருது" என்பாள் அம்மா.

"அது கறை இல்லம்மா, சாயம். செல்லுக்குப் போடறது. போட்டாத்தான் உட்கரு கண்ணுக்குத் தெரியும். இல்லேன்னா எல்லாம் வெறும் கண்ணாடி."

"சோறு போடும்போது கையைக் கழுவிட்டு வா. உன் உட்கரு எங்கயும் போயிடாது."

இரண்டு முதன்மைப் பாடத்தை எடுத்துக்கொள்ளக் கல்லூரியில் தடை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டாம் வருட முடிவில் இரண்டு துறைத் தலைவர்கள் முன்னால் மாணவர் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். அந்த வேலை இரண்டு பாடமும் சேர்ந்தால்தான் முடிகிற வேலையாக இருக்க வேண்டும். ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்துவிடலாம் என்று தெரிந்தால் மற்றதை விட்டுவிட வேண்டியதுதான். அவளுக்கு முன்னால் முயன்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள்.

வரலாற்றுத் துறைக்குத் தலைவர் வரைபட சாரேதான். செல் உயிரியல் துறைத் தலைவரான அம்மையாருக்குக் கவர்ஸ்லிப் மேடம் என்று பெயர். ஸ்லைடின் மேல் மூடுகிற மெல்லிய கண்ணாடித் துண்டுதான் கவர்ஸ்லிப். அவ்வளவு தெளிவு, அவ்வளவு சுத்தம், அசட்டையாகத் தொட்டால் கையைக் கிழித்துவிடும். சின்னவள்மேல் மேடத்துக்கு நல்ல அபிப்பிராயம். அதனால்தான் அவளைப் பங்கு போட்டுக்கொள்ள மனசில்லை. "மத்தியானமெல்லாம் கதை கேக்கப் போயிடற. அந்த நேரத்துல எவ்வளவு ஸ்லைடு பார்க்கலாம்" என்று நேரிலேயே சொல்லுவார்.

என்ன செய்து காட்டுவது என்று ஒரு பருவம் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டாள். ஒரு நாள் மேடம் சாயப் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, போகிற போக்கில், "இது ஒரு மரத்தோட நடுக்கட்டையிலிருந்து வருது, தெரியுமில்ல?" என்றார். அவ்வளவுதான், சின்னவளுக்குக் கை கால் ஓடவில்லை. அந்த மரத்தை அவளுக்குத் தெரியும். முந்தின பருவத்தில் வரலாற்று வகுப்பில் படித்த மரம் அது. துணிக்குச் சாயம் போட என்று காலனிக்காரர்கள் காடு காடாக வெட்டி, தூளாக்கி, கப்பல் கப்பலாக அனுப்பிய மரம். காலையில் தன் விரலை ஊதாவாக்குவதும் மத்தியானம் தன் மனசைக் கலக்குவதும் ஒரே மரம்தான் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குச் சிக்னலில் பச்சை விழுந்தும் கடக்க மறந்து நின்றாள்.

அந்த மரத்தைப் பற்றி அவள் ஒரு கட்டுரையே எழுதியிருந்தாள். ஒரு மரத்தூள் ஆலையின் கங்காணி மேலிடத்துக்கு அனுப்பிய புகாரை வரைபட சார் வகுப்பில் படிக்கக் கொடுத்திருந்தார். "இந்த ஆட்கள் படுசோம்பேறிகள். அறுத்த தூளை உடனே காயவைத்து மூட்டை கட்டாமல், தண்ணீர் ஊற்றிக் குவித்து வைத்துக்கொண்டு, வாரக்கணக்காக அதைப் புரட்டிப் புரட்டிப் போட்டுப் பொழுதைப் போக்குகிறார்கள். அடித்தாலும் கேட்பதில்லை" என்று அந்த ஆள் அழுதிருந்தான். அதைப் படித்துச் சின்னவளுக்கு ரத்தம் கொதித்தது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல, அது அவர்களுடைய கலகம் என்று எழுதினாள். ஓங்கி எதிர்க்க முடியாதவர்கள் வேலையை இழுத்தடித்து எஜமானனுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பினார்கள், வீணாகப் புரட்டிய ஒவ்வொரு கூடைத் தூளும் ஒரு மறுப்பு என்று பக்கம் பக்கமாக விளாசியிருந்தாள். சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வகுப்பிலேயே அதிக மார்க் போட்டு, எழுந்து நின்று அதை உரக்க வாசித்தார். அவள் அந்த ஒரு வாரம் தரையில் நடக்கவே இல்லை.

ஆகவே திட்டம் தயாரானது. கடையில் வாங்கிய பாட்டில் வேண்டாம், மரத்திலிருந்து தானே சாயம் இறக்கி, அதை வைத்துச் செல்லைக் காட்டப்போகிறாள். கம்பளி நூலுக்குச் சாயம் போடுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றை அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னான். அங்கே அந்த மரத்தின் தூள் எந்தப் பக்குவமும் செய்யாமல் அப்படியே பையில் கிடைத்தது. தூளைச் சுடவைத்து வடிகட்டி, சாயம் ஒட்டிப் பிடிப்பதற்குப் படிகாரம் கலந்து, பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, காற்றுப் புகாமல் மூடியை இறுக்கி, செய்து காட்டும் நாள் வரை திறப்பதில்லை என்று வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தாள். ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அதுதான். மிச்சத் தூளையும் மிச்சப் படிகாரத் தண்ணீரையும் தூக்கிப் போட மனம் வராமல் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொட்டிப் பால்கனி மூலையில் தள்ளிவிட்டு, சுத்தமாக மறந்தும்போனாள்.

ஒரு மாதம் போய், செய்து காட்டும் நாள் வந்தது, ஒரு வெள்ளிக்கிழமை. மேடமும் சாரும் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். சார் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். எதையும் தொட்டுவிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டிருந்தார். சின்னவள் மரத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே வேர்நுனியை ஆசிட்டில் இளக்கினாள், சாயத்தில் போட்டாள், அலசினாள், நசுக்கினாள், மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துக் குனிந்தாள்.

ஒன்றுமே இல்லை. வெளிறிப்போன கட்டம் கட்டமான செல்கள், உள்ளே வெறுமை. பீர்க்கங்காய்க் கூட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இன்னொரு ஸ்லைடு செய்தாள், அதுவும் அப்படியே.

மேடம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். குரலில் கடுமை இல்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "பாட்டில் சாயத்தைப் போட்டா இது உடனே தெரியும். அதைப் போட்டுச் செய், நான் மார்க் தரேன். ஆனா அப்போ இதுல வரலாற்றுக்கு என்ன வேலை? நீ சொன்ன கதை நல்லா இருந்தது. கதை இல்லாமலும் ஸ்லைடு செய்யலாம்."

சார் ஸ்டூலிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"திங்கட்கிழமை காலையில ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்" என்றார் மேடம். "எதை விடறேன்னு சனி ஞாயிறு யோசிச்சுக்கோ. என்னைக் கேட்டா, உன் கைக்கு ஸ்லைடுதான்."

அன்று மாலை சிக்னலைக் கடக்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கியதை அவளே ஒத்துக்கொள்ளவில்லை, வண்டிப் புகை என்று சொல்லிக்கொண்டாள். ராத்திரி தட்டில் போட்டது அப்படியே இருந்தது. அண்ணன் வெங்காயம் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, அவள் முகம் தொங்கிப்போயிருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் பால்கனியிலிருந்து அம்மாவின் சத்தம் கேட்டது. அம்மா வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டு ராத்திரி காற்றில் கொடியிலிருந்து நழுவி, நேரே அந்த வாளிக்குள் விழுந்து ஊறிக் கிடந்தது. வெளியே எடுத்தபோது முதுகு முழுக்க ஊதா, கைகளில் திட்டுத் திட்டாகக் கருநீலம். அம்மா அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கசக்கினாள். சோப்புப் போட்டாள், சோடா போட்டாள், சலவை நிலையத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த எதையோ ஊற்றித் தேய்த்தாள். வேறு யாராவது என்றால் கைவிட்டிருப்பார்கள், கறை எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவளுக்கு அது மானப் பிரச்சினை.

"ஏண்டி, அந்த வாளியில என்னத்தைக் கரைச்சு வச்ச? மூணு தடவ தொவச்சாச்சு, போகமாட்டேங்குது."

சின்னவள் படுக்கையில் புரண்டு படுத்திருந்தாள். அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "போகலையா?"

"போகலைடி."

"நெஜமாவே போகலையாம்மா? கொஞ்சம்கூடவா?" ஓடிவந்து கோட்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். ஈரத்திலும் கெட்டியான ஊதா, நூலுக்கு நூல் பிடித்திருந்தது. "அம்மா, இன்னொரு தடவ நல்லாத் தேய். உன்னால முடிஞ்ச மட்டும் தேய்."

அம்மா தேய்த்தாள். போகவில்லை. சின்னவள் அந்த ஈரக் கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பால்கனியில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"கறை போகலேன்னு அது ஆடுது. பெத்தவ வேலைக்கு என்ன போட்டுட்டுப் போறதுன்னு நிக்கறேன்" என்றாள் அம்மா, அண்ணனைப் பார்த்து. அண்ணன் தன் தலையைத் தட்டிக் காட்டினான்.

அவளுக்குள் எல்லாம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே தூள், ஒரே படிகாரம், ஒரே தண்ணீர். பாட்டிலில் இருந்தது ஒட்டவில்லை, வாளியில் இருந்தது விடமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், வாளிக்கு மூடி இல்லை. காற்று பட்டிருக்கிறது, வெயில் பட்டிருக்கிறது, ஈரத்திலேயே கிடந்து ஊறியிருக்கிறது. மரத்துக்குள் இருப்பது சாயமே இல்லை, காற்றுப் பட்டுப் பட்டுத்தான் அது சாயமாக மாறுகிறது. பொக்கிஷம் மாதிரி மூடி வைத்ததுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

ஞாயிற்றுக்கிழமை திங்களுக்கு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க உட்கார்ந்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று தன் பழைய கட்டுரையையும் எடுத்து வைத்துக்கொண்டாள். கங்காணியின் புகார் முதல் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் ஊற்றிக் குவித்து, வாரக்கணக்காகப் புரட்டிப் புரட்டிப் போட்டு. படித்த இடத்திலேயே அவளுக்கு வேர்த்துவிட்டது.

அவர்கள் பொழுதைப் போக்கவில்லை. நனைத்துக் குவித்தது ஈரம் காயாமல் இருக்க. புரட்டிப் போட்டது அடியில் இருக்கிற தூளுக்கும் காற்றுப் படுவதற்கு. உடனே காயவைத்து மூட்டை கட்டியிருந்தால் அந்த ஆளின் கப்பலில் ஏறியிருப்பது சாயமில்லாத வெறும் தூள். அது தெரியாமல் அவன் அவர்களைச் சோம்பேறி என்று எழுதினான். அதை மறுக்கிறேன் என்று கிளம்பிய இவளோ, அவர்கள் வேண்டுமென்றே வேலை செய்யவில்லை என்று எழுதினாள். அவன் திட்டினான், இவள் புகழ்ந்தாள். அவர்கள் வேலையே செய்யவில்லை என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று. அவனோடு தனக்கு அப்படி ஓர் ஒற்றுமை இருக்குமென்று நினைக்கவே அவளுக்குக் கூசியது.

இதைச் சாரிடம் எப்படிச் சொல்வது? அவர் எழுந்து நின்று வாசித்த கட்டுரை. திங்கட்கிழமை அவருடைய கையெழுத்தும் வேண்டும். சாயம் பிடித்தால் போதும், கட்டுரைப் பேச்சே வேண்டாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் வாளியோடு பஸ் ஏறினாள். அண்ணன் கூட வந்தான், கூட்டத்தில் ஆள் இடிக்காமல் பார்த்துக்கொள்ள.

"மூடியைப் போட்டுத் தொலையேன். எல்லாரும் பார்க்கறாங்க."

"மூடக்கூடாது."

"அதான் மாறிடுச்சுன்னு சொன்னியே, இனிமே மூடினா என்ன?"

"ஒரு தடவ மூடிப் பட்டது போதும்" என்றாள். பஸ் பிரேக் போட்டபோது அண்ணனின் சட்டைக் கையில் ஊதாவாக நாலு சொட்டு விழுந்தது. அவன் அதை அம்மாவிடம் காட்டப்போவதாக மிரட்டிக்கொண்டே வந்தான்.

ஆய்வுக்கூடத்தில் மேடம் கையெழுத்துப் போட வேண்டிய தாளோடு உட்கார்ந்திருந்தார். சார் ஜன்னலோரம் நின்றார். வாளியைப் பார்த்ததும் மேடத்தின் புருவம் ஏறியது. இன்னும் ஒரே ஒரு ஸ்லைடு என்று சின்னவள் கெஞ்சினாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்து, சரி என்று தலையசைத்தார்.

வீட்டில் மைக்ராஸ்கோப் இல்லை. துணியில் பிடித்தது செல்லில் பிடிக்குமா என்று அவளுக்கே தெரியாது. பழகிய கை என்பதால் வேலை தானாக நடந்தது. வாளித் தண்ணீரை வடிகட்டி வேர்நுனியை அதில் ஊறவிட்டாள். எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசியபோது சிவப்போடியிருந்த நுனி கண் முன்னாலேயே நீலமாகத் திரும்பியது. நசுக்கினாள். குனிந்தாள். திருகை மெல்லத் திருப்பினாள்.

கட்டத்துக்குக் கட்டம் ஊதா உருண்டைகள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு, மையால் வைத்த பொட்டு மாதிரி. ஓரத்தில் ஒரு செல் அப்போதுதான் இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த நிலையில் நின்றுபோயிருந்தது. இழைகள் இரண்டு பக்கமும் விலகிப் போவது நூல் நூலாகத் தெரிந்தது. சின்னவள் எழுந்து நகர்ந்து, மேடத்துக்கு இடம் விட்டாள்.

மேடம் வெகுநேரம் குனிந்திருந்தார். "நல்லா இருக்கு" என்றார் கடைசியில். அவர் அப்படிச் சொல்லி இரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. "வெள்ளிக்கிழமை ஏன் வரல?"

அவள் பாட்டிலையும் வாளியையும் சொன்னாள், அம்மாவின் கோட்டையும் சொன்னாள். சார் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை.

"காற்றுல பழுக்க வைக்கணும். எங்க பழைய கையேட்டுல இருந்ததுதான், எனக்கே இப்பத்தான் ஞாபகம் வருது. இப்ப கம்பெனியே அதுக்கு ஒரு உப்பைக் கலந்து பாட்டில்ல அடைச்சு அனுப்பிடறான். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டறதில்ல." பேனாவை எடுத்தார். "ஆனா பாரு, இதுவும் எங்க கையேடுதான். ஒண்ணு கையேடு, இல்ல உங்கம்மா கோட்டு. வரலாறு எங்க வந்தது? நான் கேக்கறது நியாயமா இல்லையா?"

நியாயம்தான். அதுதான் கஷ்டம். சின்னவள் சாரைப் பார்த்தாள். அவர் ஜன்னலோரத்திலிருந்து அவளுக்காகத் தவிப்பது முகத்திலேயே தெரிந்தது. பைக்குள் கட்டுரை இருந்தது. அதை எடுக்காமல் விட்டால் மத்தியானங்கள் போய்விடும். எடுத்தால் இந்த முகம் என்ன ஆகுமோ தெரியாது.

எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சாயத்துக்கு வரலாறு வேண்டாம், மேடம். நீங்க சொல்றது சரி. ஆனா இந்தக் கட்டுரை தப்புன்னு வரலாற்றை மட்டும் வச்சுக் கண்டுபிடிக்க முடியாது." சாரின் பக்கம் திரும்பினாள். "சார், தூளை நனைச்சுக் குவிச்சுப் புரட்டினாங்கன்னு அந்தக் கங்காணி எழுதினான் இல்லையா, சோம்பேறிங்கன்னு. நான் அதைக் கலகம்னு எழுதினேன். நீங்க வகுப்புல வாசிச்சீங்க. ரெண்டும் இல்ல சார். அவங்க வேலை செஞ்சுட்டிருந்தாங்க. அதுதான் வேலையே. மூடி வச்சா என்ன ஆகும்னு வெள்ளிக்கிழமை பார்த்தோம், திறந்து போட்டுப் புரட்டினா என்ன ஆகும்னு இதோ இருக்கு. அடி வாங்கிக்கிட்டும் அவங்க அதை நிறுத்தல, ஏன்னா நிறுத்தினா சாயம் வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியல. எனக்கும் தெரியல."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சார் மேஜைக்கு வந்து கட்டுரையைப் புரட்டினார். தான் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருந்த பாராட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "நான் வருஷா வருஷம் இதை இப்படித்தான் சொல்லிக்கொடுக்கறேன்" என்றார் மெதுவாக. "கலகம்னு. அவங்களுக்கு நல்லது செய்யறதா நினைச்சுக்கிட்டு." பிறகு மைக்ராஸ்கோப்பைக் காட்டி, "இதுல எப்படிப் பார்க்கணும்? ஒரு கண்ணை மூடணுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு கண்ணையும் திறந்தே வச்சுப் பாருங்க சார். இந்தத் திருகைத் திருப்புங்க."

திருகை எந்தப் பக்கம் என்று மேடம்தான் அவர் கையைப் பிடித்துக் காட்டினார். சார் முதலில் தன் இமை மயிரையே பார்த்தார் போலிருக்கிறது, இரண்டு தடவை பின்வாங்கினார். மூன்றாவது தடவை அசையவில்லை. அவர் தோள் லேசாகத் தாழ்ந்தது.

மேடம் தாளை இழுத்து, இரண்டு பாடமும் என்ற கட்டத்துக்கு நேரே கையெழுத்துப் போட்டு, சாரின் பக்கம் தள்ளினார். சார் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு தானும் போட்டார். போட்டுவிட்டுக் கட்டுரையைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"நாளைக்கு மத்தியானம் வகுப்புல இதை நீயே சொல்லணும், நான் உட்கார்ந்து கேக்கறேன்" என்றார். "இன்னொண்ணு. இந்தக் கட்டுரைக்கு நான் மார்க்கைக் குறைச்சாகணும்மா. நிறையவே குறையும்."

"குறைங்க சார்" என்றாள் சின்னவள், வாயெல்லாம் பல்லாக. "இப்பவே குறைங்க."